மாசம் எவ்வளவு வரும்?

"மாசம் எவ்வளவுடா வரும்?"

அக்கா கேட்டது இவ்வளவுதான். கேட்டுவிட்டு ஒரு நீள உறையை என் மடியில் போட்டாள். அவளுடைய ஓய்வூதியக் கணக்கைப் பற்றி வருடத்துக்கு ஒரு முறை வரும் கடிதம், மொத்தம் 11 பக்கம். முதல் பக்கத்தைப் பாதி இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளியிருக்கிறாள் என்பது மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. நான் ஒரு காலத்தில் இந்த மாதிரிக் கடிதங்களை எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தவன். அந்தத் திமிரில் "இரு, அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்" என்றேன். மத்தியானம் முழுக்கப் போனது. அவள் கேட்டதற்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை.

மற்ற எல்லாம் இருந்தது. போன வருடத் தொடக்க இருப்பு, வருட இறுதி இருப்பு, அவள் பங்கு, நிறுவனத்தின் பங்கு, எந்தெந்த நிதியில் எத்தனை யூனிட், ஒரு யூனிட்டின் மதிப்பு நான்கு தசம இடங்கள் வரை. பக்கவாட்டில் ஒரு வட்டப்படம், ஐந்து நிறங்களில். முதல் பக்கத்தின் நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு பெரிய தொகை, கீழே சின்னதாக 'எதிர்பார்க்கப்படும் முதிர்வு மதிப்பு'. அக்கா அதைத்தான் தன் கையிருப்பு என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இன்றைய தேதியில் கணக்கில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. நான் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றிவிட்டது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. யாரும் அவளை ஏமாற்றவும் இல்லை. ஆனாலும் 24 வருடம் பணம் கட்டிய ஒருத்தி, எழுதப் படிக்கத் தெரிந்தவள், வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் வைத்திருப்பவள், தன் கணக்கைத் தப்பாகவே புரிந்து வைத்திருந்தாள். இதற்கு அவள் மட்டும் எப்படிப் பொறுப்பு ஆவாள்?

தமிழில் இதற்கு இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம்: ஓய்வுக் காலத்தில் வரும் ஊதியம். ஊதியம் மாதம் பிறந்தால் கைக்கு வருவது. அதைக் குவியலாக யாரும் நினைப்பதில்லை. வாடகை மாதத்துக்கு, மின்கட்டணம் மாதத்துக்கு, மருந்துச் செலவு மாதத்துக்கு. மனுஷன் வாழ்வது மாதக்கணக்கில். கடிதமோ ஒரு குவியலைக் காட்டிவிட்டு, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்று கையைக் கழுவுகிறது.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. அலுவலகக் காகிதம் 'பங்களிப்பு' என்கிறது. சம்பளம் வாங்குகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் வாயில் அது 'பிடித்தம்'. யாருக்கும் பிடிக்காத பிடித்தம். பிடித்தம் என்று ஒருவர் சொல்லும்போது, அந்தப் பணம் போய்விட்டது என்றுதான் அவர் மனதில் பதிந்திருக்கிறது. அது தன்னுடைய பணம், வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இல்லை. போய்விட்ட பணத்தைப் பற்றிய கடிதத்தை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

சரி, குவியலுக்கு வருவோம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 100 வீதம் 30 வருடம் கட்டுகிறீர்கள். ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்கிறது, மாதாமாதம் வட்டி சேர்கிறது. கட்டியது 36,000. முடிவில் இருப்பது ஒரு லட்சத்துச் சொச்சம். கண் விரிகிறது அல்லவா? லட்சம் என்ற சொல்லே அப்படி.

இப்போது அதை மாதமாக்குங்கள். வேலையை விட்ட பிறகு 25 வருடம் இருக்கப்போகிறோம் என்று வைத்தால் 300 மாதம். மிச்சமிருக்கும் பணத்துக்கு வரும் வட்டி விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்டினால் போதும் என்றும் வைத்துக்கொள்வோம். லட்சத்தை 300ஆல் வகுத்தால் மாதம் 333. லட்சாதிபதி கொஞ்சம் சுருங்கிவிட்டார்.

இன்னும் முடியவில்லை. அந்த 333 என்பது 30 வருடம் கழித்து வரும் பணம். விலைவாசி ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறினால், இன்று 100 கொடுத்து வாங்கும் சாமானுக்கு அன்றைக்கு 324 கொடுக்க வேண்டும். ஆகவே அந்த 333, இன்றைய கணக்கில் 103தான். கொட்டை எழுத்தில் ஒரு லட்சம், கையில் மாதம் 103. இரண்டும் ஒரே தொகை. ஆனால் முதலாவதைப் பார்த்தவர் நிம்மதியாகத் தூங்கப் போவார். இரண்டாவதைப் பார்த்தவர் இன்னும் கொஞ்சம் கட்டலாமா என்று யோசிப்பார்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. டேனியல் கோல்ட்ஸ்டீன், ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட், ஷ்லோமோ பெனார்ட்ஸி ஆகிய ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஒரே மதிப்புள்ள பணத்தை மொத்தமாகக் காட்டினால் போதுமானதாகத் தெரிகிறது, மாதத் தொகையாகக் காட்டினால் போதாததாகத் தெரிகிறது. இதற்குச் செல்வ மாயை என்று பேர் வைத்தார்கள். தொகை மிகப் பெரிதானால் மாயை தலைகீழாகத் திரும்புகிறது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் யோகம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ.

அமெரிக்காவில் 2019இல் வந்த செக்யூர் சட்டம் இதை ஒரு கடமையாகவே ஆக்கியது. வேலைவழி ஓய்வுச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவருக்கு, அந்த இருப்பை வாழ்நாள் முழுக்க வரும் மாத வருமானமாக மாற்றினால் எவ்வளவு என்று வருடத்துக்கு ஒரு முறையாவது காட்டவேண்டும். அக்கா கேட்ட கேள்வியைச் சட்டமே கேட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டணத்தையும் இதே கணக்கில் பார்த்துவிடலாம். அக்காவின் கடிதத்தில் ஏழாம் பக்க அட்டவணையின் கடைசி வரியில் 'ஆண்டு நிர்வாகக் கட்டணம் 1.0%' என்று இருந்தது. ஒன்று. அதற்குக் கீழே எண்ணே கிடையாது, இதற்குப் போய் யார் அலட்டிக்கொள்வார்கள்? மேலே சொன்ன அதே 100, அதே 30 வருடம். 6 விழுக்காட்டில் 1 கட்டணத்துக்குப் போய் 5 மட்டும் வளர்ந்தால், முடிவில் இருப்பது ஒரு லட்சம் இல்லை. சுமார் 83,000. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. 'ஆண்டுக்கு ஒரு விழுக்காடு' என்பதும் உண்மை, 'உங்கள் சேமிப்பில் ஆறில் ஒரு பங்கு' என்பதும் உண்மை. இரண்டில் எதை அச்சடிப்பது என்று யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். சேர்ந்த புதிதில் மிகுந்த உற்சாகத்தோடு ஒரு வரி எழுதினேன்: 'நீங்கள் 60 வயதில் வேலையை விட்டால், இன்றைய விலைவாசிக் கணக்கில் மாதம் சுமார் இவ்வளவு கிடைக்கலாம்.' அந்த வரி சட்டப் பிரிவுக்குப் போனது. திரும்பி வந்தபோது இப்படி இருந்தது: 'இதன்கண் குறிப்பிடப்பட்டுள்ள தொகையானது இணைப்பு 3இல் கண்டுள்ள அனுமானங்களுக்கு உட்பட்டு, எவ்வித உத்தரவாதமுமின்றி, விளக்கும் நோக்கத்திற்காக மட்டுமே கணக்கிடப்பட்டதாகும்.' மாதம் என்ற சொல் போயே போய்விட்டது.

கோபத்தோடு மாடியேறிப் போனேன். சட்டப் பிரிவில் இருந்த அம்மாள் நல்ல மனுஷி. எனக்கு உட்கார நாற்காலி காட்டிவிட்டுச் சொன்னார்: "தம்பி, புரியாத வாக்கியத்துக்கு யாரும் கேஸ் போட்டதில்ல. புரிஞ்ச வாக்கியத்துக்குத்தான் போடுவாங்க."

இத்தனை வருடம் ஆகியும் இதற்குச் சரியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கடிதம் அக்காவுக்காக எழுதப்பட்டதே இல்லை. முகவரி அவளுடையது, அவ்வளவுதான். என்றைக்காவது ஒரு நாள் வழக்கு வந்தால் 'நாங்கள் அப்போதே சொல்லியிருக்கிறோமே' என்று நீட்டுவதற்கான சாட்சிப் பத்திரம் அது. சாட்சிப் பத்திரத்தில் விட்டுப்போனது எதுவும் இருக்கக் கூடாது, புரிகிறதா இல்லையா என்பது அப்புறம். எளிய சொற்களைப் போடுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், நிறம் சேருங்கள் என்று வருடாவருடம் ஆலோசனை சொல்கிறார்கள். யாருக்காக எழுதுகிறோம் என்பது மாறாதவரை அதெல்லாம் வெள்ளையடிக்கிற வேலைதான்.

இத்தனைக்கும், புரியும்படி எழுதவேண்டும் என்பது புதிய கோரிக்கை இல்லை. 1963 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரில் இருந்த ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலை மூடப்பட்டது. ஓய்வூதிய நிதியில் போதுமான பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் தப்பித்தார்கள். அதற்குக் கீழே, 40 வயதுக்கு மேற்பட்ட சுமார் 4,000 பேருக்குச் சேரவேண்டியதில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் கிடைத்தது. அதைவிட இளையவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1974இல் எரிசா என்ற ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. திட்டத்தின் சுருக்க விளக்கம் சராசரி உறுப்பினருக்குப் புரியும்படி எழுதப்படவேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 50 வருடம் தாண்டிவிட்டது. அந்தச் 'சராசரி உறுப்பினரை' யாராவது நேரில் கூப்பிட்டு உட்காரவைத்து, ஐயா இதைப் படித்து என்ன புரிந்தது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

அக்காவின் தலைமுறைக்கு முந்தையவர்களுக்கு இந்த அவஸ்தை அவ்வளவாக இல்லை. கடைசிச் சம்பளத்தில் இத்தனை பங்கு, உயிரோடு இருக்கும்வரை. வரையறுத்த பலன் என்பார்கள். கணக்குப் போடும் தலைவலி கொடுப்பவருடையது. இப்போது பல நாடுகளில் பரவியிருப்பது வரையறுத்த பங்களிப்பு. உள்ளே போவது மட்டும் நிச்சயம். வெளியே எவ்வளவு வரும் என்பதைச் சந்தை, கட்டணம், விலைவாசி, உங்கள் ஆயுள் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். பாரம் கைமாறிவிட்டது. பாரத்தைத் தூக்கத் தேவையான விளக்கம் கூடவே கைமாறவில்லை.

இந்த இடத்தில் சிலர் ஒரு வாதம் வைப்பார்கள்: மக்களுக்கு நிதி அறிவு போதாது, அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று. அதற்கு ஆதாரமும் காட்டுவார்கள். அன்னாமரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் உருவாக்கிய மூன்று கேள்விகள் உலகம் முழுக்கப் பிரபலம். முதலாவது இது: கணக்கில் 100 இருக்கிறது, ஆண்டுக்கு 2 விழுக்காடு வட்டி, தொடாமல் விட்டால் ஐந்து வருடம் கழித்து 102ஐவிட அதிகம் இருக்குமா, சரியாக 102 இருக்குமா, குறைவாக இருக்குமா? அடுத்தது விலைவாசி பற்றி. மூன்றாவது, ஒரே நிறுவனப் பங்கில் போடுவதா பலவற்றில் பிரித்துப் போடுவதா என்பது பற்றி. 2004இல் அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டபோது, மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுவது வேறு. மூன்றில் இரண்டு பேருக்குத் தெரியாது என்று 2004இலேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் கூட்டு வட்டியும் விலைவாசியும் தெரிந்தால்தான் விளங்கும் என்கிற கடிதத்தை அவர்களுக்கு ஏன் அனுப்புகிறீர்கள்? கணக்கைப் போட்டு முடித்து விடையை எழுதுங்கள். படிக்கட்டைச் செங்குத்தாகக் கட்டிவிட்டு, ஏறுகிறவரின் முட்டி சரியில்லை என்பது என்ன நியாயம்?

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். சுவீடன் தன் ஓய்வூதிய முறையை மாற்றியமைத்தபோது, 1999 முதல் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு முறை ஆரஞ்சு நிற உறையில் கடிதம் அனுப்பத் தொடங்கியது. மற்றக் கடிதங்களோடு கலந்து தொலைந்துபோகக் கூடாது என்பதற்காக அந்த நிறம். உள்ளே இன்ன வயதில் ஓய்வு பெற்றால் மாதம் இவ்வளவு என்ற மதிப்பீடு. ஆரஞ்சு உறை என்றாலே அங்கே பென்ஷன் என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது நிறம்கூட இல்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் என்பதுதான். பக்கத்து மேசைக்காரரிடம் 'உனக்கு எவ்வளவு போட்டிருக்கு?' என்று கேட்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடைத்தால் பாதி புரிந்த மாதிரி.

ஆனால் அதே சுவீடன் ஒரு பாடமும் படித்தது. சம்பளத்தில் 18.5 விழுக்காடு ஓய்வூதியத்துக்குப் போகிறது என்றால், அந்த 18.5இல் 2.5ஐ எந்த முதலீட்டு நிதியில் போடுவது என்று மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். 2000இல் முதல் தேர்வு. பட்டியலில் 456 நிதிகள்! பெரிய விளம்பரங்கள் நடந்ததால் முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பேர் தேர்ந்தெடுத்தார்கள். விளம்பரம் அடங்கியதும், புதிதாகச் சேர்ந்தவர்களில் தேர்ந்தெடுப்பவர்கள் சில ஆண்டுகளுக்குள் பத்தில் ஒருவருக்கும் கீழே போய்விட்டார்கள். இதில் வேடிக்கை, முதல் மூன்று ஆண்டுச் சந்தைச் சரிவில், எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்கென்று வைத்திருந்த நிதி, தேர்ந்தெடுத்தவர்களின் சராசரியைவிடக் குறைவாகவே இழந்தது. ஆக, தகவலைக் கூட்டிக்கொண்டே போவதும் தெளிவும் ஒன்றல்ல. அக்காவின் கடிதத்தில் இருந்த ஐந்து நிற வட்டப்படம் நினைவுக்கு வந்தது.

பிரிட்டன் கத்தரிக்கோலை எடுத்தது. 2022 அக்டோபர் முதல், வேலையில் சேர்ந்ததும் தானாகச் சேர்க்கப்படும் வரையறுத்த பங்களிப்புத் திட்டங்களின் ஆண்டுக் கடிதம் ஒரே ஒரு ஏ4 தாளின் இரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். நல்ல கட்டாயம்தான். இடம் குறைந்தால் எது முக்கியம் என்று யோசித்தே ஆகவேண்டும். எனக்குச் சின்ன சந்தேகம் ஒன்று உண்டு. இரண்டு பக்கத்துக்குள் அடக்கும்போது முதலில் வெளியே போவது எது? நான் இருந்த மேசையில் என்றால் கட்டணத்தின் நீண்டகால விளைவுதான் போயிருக்கும்.

அந்த நாட்டிலிருந்தே வந்த இன்னொரு யோசனை இதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. 2019இல் ஓய்வுக்கால வாழ்க்கைத் தரம் என்று மூன்று படிகளை வெளியிட்டார்கள்: குறைந்தபட்சம், நடுத்தரம், வசதி. ஒவ்வொன்றிலும் எப்படி வாழலாம் என்று சொல்லியிருப்பார்கள். கார் வைத்துக்கொள்ள முடியுமா, வருடத்துக்கு எத்தனை முறை வெளியூர் போகலாம், வெளியே சாப்பிட எவ்வளவு மிஞ்சும். அப்புறம்தான் தொகை. மாதத் தொகைகூடச் சிலருக்கு வெறும் எண்ணாகவே நிற்கும். கார் உண்டா இல்லையா என்பது யாருக்கும் அப்படி நிற்காது, உடனே உள்ளே இறங்கும்.

நெதர்லாந்துக்காரர்கள் இன்னும் கடினமான ஒன்றைத் தொட்டார்கள். வருங்காலம் நிச்சயமில்லை என்பதை எப்படிக் காட்டுவது? ஒரே எண்ணைப் போட்டால் அது வாக்குறுதி ஆகிவிடும். 'மாறுதலுக்குட்பட்டது' என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். 2015இல் ஓய்வூதியத் தகவலுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, மூன்று தொகைகளைக் காட்டும் வழக்கத்துக்குப் போனார்கள்: எதிர்பார்ப்பது இவ்வளவு, நன்றாகப் போனால் இவ்வளவு, மோசமாகப் போனால் இவ்வளவு. இன்றிலிருந்து கிளம்பும் ஓர் அம்பு, மேலே ஒரு கிளை, கீழே ஒரு கிளை. அவ்வளவுதான் படம். அந்தச் சட்டப்பிரிவு அம்மாளுக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் ஒருவேளை இந்த அம்புதானோ என்னவோ. உத்தரவாதம் இல்லை என்று எழுதுவதைவிட, உத்தரவாதம் இல்லாமை எந்த அளவுக்கு இருக்கும் என்று காட்டுவது நேர்மையானது. கேஸ் போடுகிறவருக்கும் அதைக் காட்டலாம்.

இதெல்லாம் கடிதத்தின் உள்ளே இருப்பதைப் பற்றி. கடிதம் எப்போது வருகிறது என்பது தனிக் கதை, வயிற்றைக் கலக்கும் கதை. பிரிட்டனில் பெண்களுக்கு அரசு ஓய்வூதிய வயது 60ஆக இருந்தது. அதை ஆண்களுக்குச் சமமாக 65 ஆக்குவது என்று 1995இல் சட்டம் வந்தது, 2010 முதல் படிப்படியாக அமலாகும் என்று. 15 வருட அவகாசம், தாராளம் என்று தோன்றும். ஆனால் பாதிக்கப்படும் பெண்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் அனுப்பத் தொடங்கியது 2009இல். 1950களில் பிறந்த பலர், வேலையை விட்டுவிட்டோ விடத் தயாராகியோ இருந்த வேளையில்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். குறைந்தது 28 மாதங்கள் முன்னதாகவாவது அந்தக் கடிதங்களை அனுப்பியிருக்கவேண்டும் என்று நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2021இல் சொன்னார். 2024 டிசம்பரில் இழப்பீடு தர மறுத்து அரசு அடுக்கிய காரணங்களில் ஒன்று: எதிர்பாராமல் வரும் கடிதங்களை வாங்கியதும் படித்ததும் நினைவிருப்பது நாலில் ஒருவருக்குத்தான், அதனால் முன்னதாக அனுப்பியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். கடிதத்தை யாரும் படிப்பதில்லை என்பது அனுப்புகிறவருக்கே தெரிந்திருக்கிறது. படிக்கும்படி எழுதியிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றாதது எப்படி?

சிதறிக் கிடக்கும் கணக்குகள் இன்னொரு பக்கம். நாலு இடத்தில் வேலை பார்த்தவருக்கு நாலு கணக்கு, நாலு கடிதம், அதில் இரண்டு பழைய வீட்டு முகவரிக்கு. டென்மார்க் 1999லேயே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வழி செய்துவிட்டது. பிரிட்டன் 2025இல்தான் திட்டங்களை ஒவ்வொன்றாக இணைக்கத் தொடங்கியது, இணையக் கடமைப்பட்டவற்றுக்கு 2026 அக்டோபர் கடைசி என்று கெடு. நல்லதுதான். ஆனால் புரியாத நாலு கடிதத்தை ஒரே திரையில் போட்டால் புரியாத ஒரு திரைதான் கிடைக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் 11 பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு அரைத்தாளை எடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் இருந்த அனுமானங்களைத் தேடிப் பிடித்து, கால்குலேட்டரில் தட்டி, நாலே வரி எழுதினேன். இன்றைக்கு உன் கணக்கில் இருப்பது இவ்வளவு. இப்படியே கட்டினால், 60 வயதுக்கு மேல் மாதம் இவ்வளவு வரலாம், இன்றைய விலைவாசியில். நன்றாகப் போனால் இவ்வளவு, மோசமாகப் போனால் இவ்வளவு. இன்னும் மாதம் 100 கூடக் கட்டினால் இவ்வளவு ஏறும்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். இரண்டாவது வரியில் விரலை வைத்தாள்.

"இது பத்தாதேடா."

"பத்தாதுதான்."

"அப்ப இதை முதல்லயே சொல்றதுக்கென்ன அவங்களுக்கு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நாலாவது வரிக்குப் போனாள், மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தாள். 24 வருடத்தில் அந்தக் கணக்கைப் பற்றி அவள் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எட்டு வருடம் பாக்கி இருக்கிறது, இருபது வருடம் முன்னால் என்றால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

தாளை மடித்து வைக்கப் போனவள் நிமிர்ந்து கேட்டாள்: "நான் போய்ட்டா இது மாமாவுக்கு வருமா?"

நாலு வரியில் அதற்கும் பதில் இல்லை. மறுபடி 11 பக்கத்தையும் பிரித்தேன். பத்தாம் பக்கத்தில், முகவரிக்கும் பிறந்த தேதிக்கும் கீழே, இருப்பதிலேயே சின்ன எழுத்தில், நியமனதாரர் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே எங்கள் அம்மாவின் பெயர். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்த அன்று எழுதிக்கொடுத்தது. அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த ஒன்பது வருடமும் தவறாமல் இந்த வரி வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது.

அக்கா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து பேனா தேடப் போனாள். பெயரை மாற்ற எந்தப் படிவம், அது எங்கே கிடைக்கும் என்று நான் 11 பக்கத்திலும் தேடிக்கொண்டிருந்தேன்.